டாக்டர்கள் போட்ட கணக்கு

மழைக்காலம் வந்தால் நம் சங்கத்தின் இலவச மருத்துவ முகாமும் வந்துவிடும். ரத்த அழுத்தம் பார்க்கிறோம், சர்க்கரை பார்க்கிறோம், டாக்டர்களுக்குச் சால்வை போடுகிறோம், போட்டோ எடுத்து இந்த இதழிலும் வெளியிடுகிறோம். நல்ல காரியம், தொடர்ந்து நடக்க வேண்டும். ஆனால் முகாம் முடிந்த மறுநாள் சங்கத்தின் கையில் மிஞ்சுவது ஒரே ஓர் எண்தான்: மொத்தம் இத்தனை பேர் பயனடைந்தார்கள். எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள், என்ன உபாதைக்காக வந்தார்கள், காய்ச்சல் இருந்தும் வராமல் போன வீடு எது என்பதற்கெல்லாம் கணக்கு இல்லை.

அந்தக் கணக்கையும் நாம் எழுதி வைக்க வேண்டும் என்பது என் கருத்து. செயற்குழு நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "ரிட்டையர்ட் இன்ஜினீயருக்கு ரிஜிஸ்டர் போடுவதைத் தவிர வேறென்ன சார் தோன்றும்?" என்று சிரித்தார். சிரிக்கட்டும். ஆனால் நோயை எதிர்க்க ரிஜிஸ்டரும் ஓர் ஆயுதம் என்று உலகத்துக்குக் காட்டியவர்களில் ஒருவர், நாம் தினமும் நடந்துபோகும் இதே சிவாஜிநகர்ப் பகுதியின் சுகாதாரத்துக்குப் பொறுப்பாக இருந்தவர். அவரைப் பற்றி நம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோமா?

டாக்டர் ரோனால்ட் ராஸ் என்றால் பள்ளிக்கூடத்தில் "மலேரியா, கொசு, நோபல் பரிசு" என்று மூன்று சொல்லில் முடித்துவிடுவார்கள். 1857ல் அல்மோராவில் பிறந்தவர், 1881ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தவர், 1902ல் நோபல் பரிசு பெற்றவர். இவையெல்லாம் புத்தகத்தில் இருக்கும். அவர் பெங்களூரில் இருந்தார் என்பதும், பிற்காலத்தில் மருத்துவத்துக்குள் கணிதத்தைக் கொண்டுவந்து சேர்த்தவர்களில் முன்னணியில் நின்றார் என்பதும் பலருக்குத் தெரியாது. கவிதையும் நாவலும்கூட எழுதியிருக்கிறார். அது வேறு கதை.

1883ல் அவர் தண்டின் ராணுவ மருத்துவராக இங்கே வந்தார். குடியிருந்த பங்களாவில் கொசுத்தொல்லை தாங்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே இருந்த ஒரு தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்த்தார், கொசு குறைந்துவிட்டது. ராணுவ அதிகாரிகளின் உணவு விடுதியிலும் இதையே செய்யலாமே, அங்கே பூஜாடியில்கூடக் கொசு முட்டையிடுகிறதே என்று ஓர் அதிகாரியிடம் போய்ச் சொன்னார். அந்த மனிதர் ஏளனமாகப் பார்த்துவிட்டு, கொசுவும் இறைவன் படைப்பு, இயற்கையின் ஒழுங்கை நாம் குலைக்கக்கூடாது, பொறுத்துக்கொள்வதே கடமை என்று மறுத்துவிட்டாராம். ராஸ் தம் நினைவுக் குறிப்பில் இதை எழுதியிருக்கிறார். நூற்று நாற்பது ஆண்டு கழிந்தும் அந்த அதிகாரி நம் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களில் உயிரோடுதான் இருக்கிறார் என்பது என் எண்ணம்!

மறுபடி 1895 செப்டம்பரில் ராஸை இங்கே அனுப்பினார்கள். இம்முறை காலராவுக்காக. அன்று பெங்களூர் இரண்டு ஊர். பேட்டைப் பக்கம் மைசூர் அரசு. இந்தப் பக்கம் வெள்ளையர் நேரடியாக ஆண்ட சிவில் அண்டு மிலிட்டரி ஸ்டேஷன். இரண்டும் ஒரே மாநகராட்சியாக இணைந்தது 1949ல்தான். பட்டாளத்தின் பின்னால் வட ஆற்காட்டிலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் வந்த நம் முன்னோர்கள் நெருக்கியடித்துக் குடியிருந்த பிளாக்பள்ளிதான் இன்றைய சிவாஜிநகர். கிணற்றுத் தண்ணீரே குடிதண்ணீர். அந்த ஸ்டேஷனின் சுகாதாரத்தைச் சீர்படுத்தும் வேலை ராஸுக்கு. காலராவைப் பற்றியும் பொதுச் சுகாதாரத்தைப் பற்றியும் விரிவான அறிக்கை எழுதினார். கொசு ஆராய்ச்சி தடைப்பட்டுப்போனதில் அவருக்கு வருத்தம் உண்டு. ஆனால் ஒரு நோயாளியின் நாடியைப் பிடிப்பது ஒன்று, ஓர் ஊரின் நாடியைப் பிடிப்பது வேறொன்று என்ற பாடம் இங்கே கிடைத்திருக்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

1897 ஆகஸ்ட் 20ந்தேதி செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டதும், அதற்காகத் தன்னைக் கடிக்கவிட்ட உசேன் கான் என்ற நோயாளிக்குக் கொசு ஒன்றுக்கு ஓரணா கொடுத்ததும் எல்லோரும் அறிந்த கதை. நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தது.

கொசுதான் காரணம் என்று தெரிந்துவிட்டது, ஆகவே கொசுவைக் குறைத்தால் போதும் என்றார் ராஸ். லாகூருக்குப் பக்கத்தில் மியான் மீர் என்ற ராணுவ முகாமில் 1900களின் தொடக்கத்தில் சோதித்துப் பார்த்தார்கள். கால்வாய்களை அடைத்தார்கள், குட்டைகளைத் தூர்த்தார்கள். கொசு போகவில்லை, காய்ச்சலும் போகவில்லை. ஆகவே கொசு ஒழிப்பு வீண்வேலை என்று முடிவு கட்டிவிட்டார்கள். ராஸுக்குக் கடுங்கோபம். இத்தனை சிறிய இடத்தைச் சுத்தம் செய்தால் வெளியிலிருந்து கொசு வராதா? எவ்வளவு தூரத்திலிருந்து எத்தனை வரும்? முன்பு எத்தனை இருந்தது, பிறகு எத்தனை இருக்கிறது என்று ஒழுங்காக எண்ணிப் பார்த்தீர்களா? 1904ல் அமெரிக்காவில் செயின்ட் லூயி நகரில் நடந்த மாநாட்டில் இதைக் கணிதக் கேள்வியாகவே முன்வைத்தார். புள்ளியியல் மேதை கார்ல் பியர்சனுக்கும் அந்தக் கேள்வி போயிற்று. தள்ளாடி நடக்கும் ஒருவன் இத்தனை அடிக்குப் பிறகு எங்கே இருப்பான் என்று பியர்சன் 1905ல் எழுப்பிய புகழ்பெற்ற கணக்குக்கு மூலம் நம் கொசுதான்! இன்று பங்குச்சந்தைப் படிப்பில்கூட அந்தக் கணக்கு வருகிறது என்று எம்.பி.ஏ. படித்த என் மருமகன் சொல்கிறார்.

1908ல் மொரீஷியஸ் தீவின் மலேரியா பற்றி எழுதிய அறிக்கையில் ராஸ் முழுக் கணக்கையும் போட்டார். அதன் சாரம் எளியது. ஓர் ஊரில் மாதம் 10 பேர் குணமாகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதே மாதம் 12 பேருக்குப் புதிதாக நோய் வந்தால் ஊரில் நோய் ஏறும். 8 பேருக்கு மட்டும் வந்தால் மெல்ல மெல்ல இறங்கி மறையும். புதிதாக எத்தனை பேருக்கு வரும் என்பது ஆளுக்கு எத்தனை கொசு என்பதைப் பொறுத்தது. ஆகவே கடைசிக் கொசு வரை கொல்ல வேண்டியதில்லை. ஓர் அளவுக்குக் கீழே கொண்டுவந்து அங்கேயே நிறுத்தி வைத்தால் போதும். அந்த அளவுக்கு மேலேயே இருந்தால் பாடுபட்டும் பலன் கண்ணுக்குத் தெரியாது. 2020ல் கொரோனாக் காலத்தில், ஒருவரிடமிருந்து எத்தனை பேருக்குத் தொற்றுகிறது, அது ஒன்றுக்குக் கீழே வந்ததா என்று தொலைக்காட்சியில் தினமும் கேட்டோமே, அந்தப் பேச்சின் வேர் இங்கேதான் இருக்கிறது.

ராஸுடன் 1901ல் ஆப்பிரிக்காவின் சியரா லியோனுக்குச் சென்ற இளம் டாக்டர் ஒருவர் உண்டு. ஆண்டர்சன் மெக்கன்ட்ரிக் என்று பெயர். எடின்பரோக்காரர். இவரும் இந்திய மருத்துவப் பணியில் இருந்து, கசௌலியில் பாஸ்டர் நிலையத்தை நடத்தி, 1920ல் தாயகம் திரும்பியவர். பார்வையிழந்த ரசாயன அறிஞர் கெர்மாக்குடன் சேர்ந்து 1927ல் இவர் எழுதிய கட்டுரைதான் தொற்றுநோய்க் கணிதத்தின் அடித்தளம் என்கிறார்கள். அதில் சான்றாகக் காட்டியது 1905-06ல் பம்பாயைப் பிடித்த பிளேக் நோயின் மரணக் கணக்கு. அந்தப் பிளேக் 1898ல் ஹூப்ளி வழியாக ரயிலேறி நம் ஊருக்கும் வந்தது. பிரேஸர் டவுன் என்ற பேட்டையே நெரிசலைக் குறைப்பதற்காகப் பிறகு உருவானது. ரயில்வேக்காரன் என்ற முறையில் இதைச் சொல்லச் சற்றுச் சங்கடம்தான்.

ஆனால் எனக்குப் பிடித்தது அவருடைய 1926ஆம் ஆண்டுக் கட்டுரையில் வரும் ஒரு சின்னக் கணக்கு. வாசகர்கள் பொறுமையாகப் படிக்க வேண்டும். கூட்டல் பெருக்கல் தெரிந்தால் போதும்.

இந்தியாவில் ஏதோ ஒரு கிராமம். 223 வீடுகள். காலரா வந்தது. 168 வீடுகளில் யாருக்கும் நோயில்லை. 32 வீடுகளில் ஒருவருக்கு, 16 வீடுகளில் இருவருக்கு, 6 வீடுகளில் மூவருக்கு, ஒரு வீட்டில் நால்வருக்கு. மொத்தம் 86 நோயாளிகள். இதைப் பார்த்து நாம் என்ன சொல்வோம்? "பரவாயில்லை, முக்கால்வாசி வீடு தப்பித்துவிட்டது" என்போம். மாரியம்மன் கருணை என்போம்.

மெக்கன்ட்ரிக் வேறு மாதிரி யோசித்தார். எல்லா வீட்டுக்கும் ஒரே அளவு ஆபத்து இருந்து, நோய் குருட்டாம்போக்கில் விழுந்திருந்தால் எப்படி விழுந்திருக்கும்? 223 வீட்டில் 86 கல்லைக் கண்ணை மூடிக்கொண்டு எறிவது போல. அதற்கு ஒரு சூத்திரம் உண்டு. போட்டுப் பார்த்தால் சுமார் 152 வீடு தப்பும், 58 வீட்டில் ஒருவர், 11 வீட்டில் இருவர், மூவர் விழும் வீடு ஒன்றோ இரண்டோ. உண்மையில் நடந்ததோடு இது பொருந்தவில்லை. இருவர் மூவர் விழுந்த வீடுகள் கணக்கைவிட அதிகம். ஒருவர் மட்டும் விழுந்த வீடுகள் மிகக் குறைவு. ஆகவே எல்லா வீட்டுக்கும் ஒரே ஆபத்து என்ற எண்ணம் தவறு.

இப்போது 223ஐ விட்டுவிட்டு, ஆபத்தில் இருந்த வீடுகள் எத்தனை என்று அந்த எண்களிடமே கேட்டார். விடை சுமார் 93. அந்த 93 வீட்டில் மட்டும் 86 கல்லை எறிந்தால் 37 வீடு தப்பும், 34ல் ஒருவர், 16ல் இருவர், 5ல் மூவர், ஒன்றில் நால்வர். நடந்தது 32, 16, 6, 1. அப்படியே பொருந்துகிறது! அந்தக் கிராமத்தில் பல கிணறுகள் இருந்திருக்க வேண்டும், அவற்றில் ஒன்று கெட்டிருக்க வேண்டும், அந்தக் கிணற்றில் குடித்த வீடுகள் 93 என்று அவர் ஊகித்தார். மேஜையில் உட்கார்ந்தபடி, பென்சிலும் தாளும் வைத்துக்கொண்டு!

இதில் கவனிக்க வேண்டியது, நோயில்லாத அந்த 168 வீடுகள் ஒரே ரகம் அல்ல என்பது. 130 வீடு நல்ல கிணற்றில் குடித்தவை. அவற்றுக்கு ஆபத்தே இல்லை. மீதி 37, 38 வீடு கெட்ட கிணற்றில் குடித்தும் அதிர்ஷ்டவசமாகத் தப்பியவை. அடுத்த வாரம் அவற்றின் முறை வரலாம். நோட்டில் இரண்டுக்கும் ஒரே சைபர். இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்க முடிந்தது யாரோ ஒரு பெயர் தெரியாத ஊழியர் வீடு வீடாகப் போய், நோயில்லாத வீட்டையும் விடாமல் எழுதி வைத்ததால். அவர் "86 கேஸ்" என்று மட்டும் எழுதியிருந்தால் மெக்கன்ட்ரிக்கின் மேதைமை பயன்பட்டிருக்காது.

ரயில்வேயில் இதை நாங்கள் "நில் ரிப்போர்ட்" என்போம். மழைக்காலத்தில் ராத்திரி ரோந்து போகும் ஆள் கையில் ரோந்துப் புத்தகம் இருக்கும். தன் எல்லை முடியும் இடத்தில் அடுத்த ரோந்துக்காரரோடு புத்தகத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். ஸ்டேஷனில் கையெழுத்து வாங்க வேண்டும். ஏன் இத்தனை கெடுபிடி? காலையில் "கோளாறு ஒன்றுமில்லை" என்று ரிப்போர்ட் வந்தால், நடந்து பார்த்து ஒன்றுமில்லையா, நடக்கவே இல்லையா என்று தெரிய வேண்டும். முதல் சைபரை நம்பி வண்டியை விடலாம். இரண்டாவதை நம்பி விட்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

நாடும் இதில் அடிபட்டிருக்கிறது. சுதந்திரம் வந்தபோது ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியா, எட்டு லட்சம் பேர் சாவு என்பது மதிப்பீடு. 1953ல் தொடங்கிய திட்டத்தால் 1965ல் சுமார் ஒரு லட்சம் நோயாளிகள் என்ற நிலைக்கு இறங்கிற்று. ஒழிந்தது சனி என்று கைதட்டினார்கள். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துப் பார்க்கும் வேலை பல இடங்களில் தளர்ந்தது. மருந்துக்குப் பணியாத கொசுவும் சேர்ந்துகொண்டது. 1976ல் 64 லட்சத்துக்கு மேல்.

இனி நம் தெருவுக்கு வருவோம். 2024ல் கர்நாடகம் முழுதும் டெங்கு பரவி, செப்டம்பரில் அரசு அதைக் கொள்ளைநோய் என்றே அறிவித்தது. தண்ணீர் தேங்க விட்டால் அபராதம் என்றது. அப்போது எங்கள் தெருவில் ஒரு மூன்று மாடிக் கட்டடம். கீழ்வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல். மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு சமாளித்தார்கள்; யாரிடமும் சொல்லவில்லை. கணக்கெடுக்க வந்த பெண்ணிடம் "ஏனூ இல்லா" என்று கதவைச் சாத்தினார்கள். கட்டடத்தின் சம்ப் மூடி உடைந்து திறந்து கிடந்தது. டெங்கு கொசு நல்ல தண்ணீரில் முட்டையிடுவது. முட்டை பத்து நாளுக்குள் கொசுவாகும். பெரும்பாலும் நூறு இருநூறு மீட்டருக்கு மேல் போகாது. மூன்று வாரம் கழித்து மாடிவீட்டுப் பதினோரு வயதுப் பெண் குழந்தை ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிழைத்துவிட்டாள். அந்தத் தாயின் முகத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கீழ்வீட்டார் கெட்டவர்கள் அல்ல. சொன்னால் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வார், கட்டடத்தில் ஒதுக்கி வைப்பார்கள் என்ற பயம்.

நம்மவர் வீடுகளின் சைபர்களில் எத்தனை இந்த மாதிரி? பகலில் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போய்ப் பூட்டிக் கிடக்கும் வீடு ஒரு சைபர். வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்குப் புதிதாக வந்து, ஒரே அறையில் ஐந்து பேராக இருந்துகொண்டு, கன்னடத்தில் கேட்டால் தலையை மட்டும் ஆட்டுகிறவர்கள் ஒரு சைபர். காசநோயை மறைக்கிற வீடு, பெண்ணுக்கு வரன் பார்க்கும் நேரம் என்பதால். இவையெல்லாம் மாநகராட்சி நோட்டில் ஆரோக்கியமான வீடுகள். நோட்டில் நோயில்லாத தெருவுக்கு மருந்தடிக்கும் வண்டி கடைசியில்தானே வரும்? அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்?

இதெல்லாம் அரசாங்க வேலை, சங்கம் ஏன் தலையிட வேண்டும் என்று கேட்பார்கள். சங்கம் மருந்தடிக்க வேண்டாம், வைத்தியம் பார்க்க வேண்டாம். ஆனால் அந்தக் கதவைத் தட்டி, "அம்மா, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று தமிழில் கேட்பதற்கு நம்மைவிடப் பொருத்தமானவர் யார்? பொங்கல் விழாவுக்கு நன்கொடை வாங்க இதே வீடுகளுக்கு மாடிப்படி ஏறத்தானே செய்கிறோம்? மானம் போகும் என்ற கவலை நியாயமானது. ஆகவே பெயர் எழுதக்கூடாது. தெரு, கட்டட எண், எத்தனை பேர் குடியிருக்கிறார்கள், எத்தனை பேருக்கு இந்த வாரம் காய்ச்சல், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, சம்ப்பா, டிரம்மா, டாங்கர் லாரியா. அவ்வளவுதான். காய்ச்சல் இல்லாத வீட்டையும் எழுத வேண்டும். பூட்டியிருந்தால் சைபர் போடாமல் "பூட்டு" என்று எழுதி, ஞாயிற்றுக்கிழமை மறுபடி போக வேண்டும். என்னைக் கேட்டால் மொத்த வேலையில் மிக முக்கியமானது இந்தக் கடைசி விஷயம்தான்.

முதலில் மீனாட்சி கோயில் தெரு, தர்மராஜா கோயில் தெரு இரண்டோடு தொடங்கலாம். ஜூன் முதல் அக்டோபர் வரை, வாரம் ஒருமுறை, ஞாயிறு காலை இரண்டு மணி நேரம். கல்லூரி மாணவர்கள் ஆறு பேர் கிடைத்தால் போதும். அவர்களில் இருவருக்கேனும் கன்னடம் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். திங்கட்கிழமை காலை வார்டு சுகாதார ஆய்வாளரிடம் தாளைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வருவது அவர்கள் பொறுப்பு. நோட்டுப் புத்தகங்களை நான் வாங்கித் தருகிறேன், கோடும் நானே போட்டுத் தருகிறேன். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக வைக்கப் போகிறேன். எதிர்க்கிறவர்களும் கட்டாயம் வாருங்கள்.